செல்வன் மருதாசலம்

செத்துப்போன பிறகும் மருதாசலம் பின்வாசல் வழியாகத்தான் வந்தான். கண்ணுக்குத் தெரியாத மனுஷன் முன்வாசல் வழியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கலாம். சிங்காநல்லூர் லைன் வீட்டில் யார் அவனைப் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் சாக்கடையைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டை ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அப்புறம் கதவிடுக்கில் மூக்கை மட்டும் நீட்டி, "ஏனுங் அம்மணி, உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான்.

செவ்வந்திக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். அடுப்பில் காப்பித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மணி ஐந்தரை, வெள்ளிக்கிழமை. உயிரோடிருந்த காலத்தில் சூலூர் பஸ்ஸைப் பிடித்து அவன் வந்து சேருகிற அதே நேரம்.

"செத்துப் பதினெட்டு நாளாச்சுங்க. இன்னும் யாருக்குப் பயப்படறீங்க?" என்றாள்.

"இல்ல, சூலூர்க்காரங்க யாராச்சும் இந்தப் பக்கம் வந்திருந்தா..." என்று இழுத்தான் மருதாசலம்.

ஐந்தரை வருஷம் அவள் இந்த இழுவையோடுதான் குடித்தனம் நடத்தினாள். எண்பத்தொன்பது தை மாதத்தில் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்ட புருஷன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் கூட வேலை செய்கிற இஸ்மத். தாலியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னான், போட்டுக்கொண்டாள். "அம்மாகிட்ட நேரம் பாத்துச் சொல்லீர்றேன்" என்றான், நம்பினாள். முதலில் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றான். பிறகு அம்மாவுக்கு பிரஷர் என்றான். பிறகு புதுத் தறி பத்து ஓடட்டும் என்றான். தறி ஓடியது. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போனது. பிரஷர் வந்த அம்மா மாரியாத்தாள் கல்லுக் குண்டாக வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள். கடைசியில் திருச்சி ரோட்டில் ஒரு லாரி அவன் ஸ்கூட்டரை அடித்ததுதான் மிச்சம். தறிப்பட்டறைக்காரர் வீட்டு மூத்த பையன், முப்பத்தாறு வயது, கல்யாணமாகாதவன் என்று ஊர் அழுதது.

சாவுக்கு அவள் போனாள். தறிக்கு வருகிற பொம்பளைகள் கூட்டமாக நின்ற இடத்தில் இஸ்மத்தோடு நின்றுகொண்டாள். அங்கேதான் தன் புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்ததைக் கண்ணால் பார்த்தாள்.

கல்யாணமாகாமல் செத்தவனை அப்படியே அனுப்பக்கூடாது என்பது அந்த வீட்டுச் சாங்கியம். வேரோடு ஒரு வாழைக்கன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து, மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, பிணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மஞ்சள் கயிற்றில் பிணத்தின் கையைத் தொட வைத்து, பங்காளி ஒருத்தர் வாழைக்கு மூன்று முடிச்சுப் போட்டார். செவ்வந்திக்கு விழுந்தது ஒரே ஒரு முடிச்சு, அதுவும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் பியூன் வருவதற்குள் அவசரமாகப் போட்டது. முடிந்ததும் கயிற்றை அறுத்து வாழையை வெட்டிப் போடுவதுதான் முறை. மாரியாத்தாள் விடவில்லை. "என்ற பையன் கட்டுனதை அறுக்காதீங்க. பொறக்கடையில நட்டுப்போடுங்க" என்றாள். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். வாழைக்கு எந்தத் தெரு, எந்தச் சாதி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் அறுத்தவர்களின் மகள் செவ்வந்தி என்றால் கேட்டிருப்பார்கள்.

"வாழையக் கட்டி வெச்சுப்போட்டாங்க அம்மணி," என்று அந்த முதல் வெள்ளிக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து சொன்னான் மருதாசலம். முகத்தில் அசடு வழிந்தது.

"பாத்தேன். வேண்டாம்னு சொல்றதுக்கு வாய் வரலீங்களா?"

"செத்துக் கெடந்தனல்லொ."

"இருந்தப்ப மட்டும் சொல்லிக் கிழிச்சீங்க," என்றாள் செவ்வந்தி. ஆனால் காப்பியை ஆற்றி அவன் முன்னால் வைத்தாள். குடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆவி முகத்தில் படும்படி குனிந்து உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

பிடிக்காமல் இல்லை. அதை மறைப்பானேன். கோட்டைமேட்டில் கலீல் ரஹ்மானின் அச்சகத்தில் அவள் எழுத்துக் கோக்கிறவள். பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவன், புரூஃப் பார்க்க எட்டுத் தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு பெரியப்பா, ஒரு சின்னம்மா என்று பெயர் சேர்த்தான். எட்டாவது தடவை சேர்த்த மாமா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கேட்டால், "உங்களப் பாக்கறதுக்கு வேற ஆளு மிச்சமில்லீங்க" என்றான். அன்றைக்குச் சிரித்தவள்தான், இன்னும் அந்தச் சிரிப்பிலிருந்து மீளவில்லை. சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பான். அவளுக்குத் தலைவலி என்றால் கால் பக்கம் உட்கார்ந்து பேசாமல் இருப்பான். கோழை, ஆனால் இதமான கோழை. அந்த இதத்துக்கு அவள் ஐந்தரை வருஷத்தைக் கொடுத்திருந்தாள். அதை நினைத்தால் அவனைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் கேவலமாக இருந்தது.

செத்தவர்களின் விதிகளை அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவனாகக் கூப்பிட்டால்தான் கூப்பிடப்பட்டவருக்குத் தெரிவான், அவன் பேச்சும் கேட்கும். மற்றவர்களுக்கு இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் அவன் மேலேயே உட்கார்ந்துவிட்டானாம்.

"அப்ப ஊட்டுக்குப் போயி 'அம்மா'ன்னு கூப்பிட்டுச் சொல்லலாமல்லங்க?"

"நெலப்படி தாண்ட முடியறதில்ல அம்மணி. கால் வெச்சாத் தடுக்குது."

"மத்த நாள்ல எங்க இருப்பீங்க?"

அவன் காப்பி ஆவிப் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தான். "எங்கியும் இல்ல. இருட்டா இருக்கும். உன்ற குரல் மட்டும் கேட்டுட்டே இருக்கும்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் அவள் உருகிப்போனாள். ஒரு வருஷம் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் ஓட்டினாள். செத்தவன் பொய் சொல்வானா என்று கேட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்புவான். செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வாரேன் அம்மணி" என்பான். "போயிட்டு வாங்க" என்பாள் அவள். அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கோழிக்கூண்டுப் பக்கம் தலை தெரியும். ஐம்பது வெள்ளிக்கிழமைக்குப் பக்கம் இப்படியே போனது.

தொண்ணூற்றைந்து ஆடி மாதம் ஆறுச்சாமி அச்சகத்துக்கு வந்தான். மருதாசலத்தின் தம்பி. வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. அண்ணிக்கு முன்னால் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அண்ணனின் முதல் வருஷத் திதி கொடுமுடி காவேரிக் கரையில், உறவுக்கெல்லாம் கார்டு அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொண்டுவந்த தாளைக் கொடுத்தான். தாளில் 'செல்வன் மருதாசலம்' என்று இருந்தது.

கல்யாணமானவனுக்குத் திரு, ஆகாதவனுக்குச் செல்வன். பத்து வருஷமாக அந்த இரண்டு சொல்லையும் ஈய எழுத்தில் கோத்துக் கோத்து அவள் விரல் கறுத்துப்போயிருக்கிறது. இந்தக் கார்டுக்கு அவள் விரல் தானாகவே 'திரு'வைத்தான் எடுத்தது. எடுத்ததை அவள் திருப்பி வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புரூஃப் பார்க்க வந்தவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு சின்னத் தப்பு வந்திருச்சுங்க. திருன்னு இருக்குது. அண்ணன் செல்வனுங்க."

"உங்கூட்ல வாழைக்குத் தாலி கட்டுனாங்கன்னு கேள்விப்பட்டனுங்களே," என்றாள் செவ்வந்தி.

ஆறுச்சாமிக்கு முகம் தொங்கியது. "அது சாங்கியத்துக்குங்க."

"அப்ப அது கலியாணம் இல்லீங்களா?"

"கலியாணந்தானுங்க. அம்மா அந்த மரத்துக்குத் தெனம் மஞ்சத்தண்ணி ஊத்தறாங்க, மருமகள்னுதான் சொல்லுவாங்க. கன்னுகூட விட்டிருக்குதுங்க. ஆனா..."

"கலியாணம்னா திரு. இல்லைன்னா செல்வன். ரெண்டையும் சேத்துப் போட அச்சுல எடமில்லீங்க."

எதிர் மேசையில் கலீல் ரஹ்மான் தொண்டையைச் செருமினார். வாடிக்கையாளரிடம் வம்பு வேண்டாம் என்று அர்த்தம். ஆறுச்சாமி அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டு, மறுநாள் காலையில் போன் செய்தான். "செல்வன்னே இருக்கட்டும்னு அம்மா சொல்லிட்டாங்க. அச்சாபீசுல கேட்டது யாருன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஏன்னு தெரியலீங்க" என்றான்.

அவளுக்கும் அப்போது தெரியவில்லை. எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று 'திரு'வைப் பிடுங்கி எடுத்துவிட்டுச் 'செல்வன்' கோத்தாள். நானூறு கார்டு. நானூறு வீட்டுக்கு அவள் புருஷன் கல்யாணமாகாதவன் என்று அவளே அடித்து அனுப்பினாள்.

மத்தியானச் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு இஸ்மத்திடம் பொருமினாள். மருதாசலம் வருகிற விஷயம் இஸ்மத்துக்குத் தெரியும். பாதி நம்பினாள், மீதியைச் சிநேகிதிக்காக நம்பினாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் இஸ்மத். "நம்மூர்ல எந்த ஊட்ல இருந்து கெளம்பினாலும் வாரேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பறோம். சாவு ஊட்ல மட்டும் யாராச்சும் அப்படிச் சொல்றாங்களா? வாயத் தொறக்காம எந்திரிச்சு வந்தர்றோம். நீ என்னடான்னா செத்த மனுசன வாராவாரம் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்கன்னு அனுப்பறே. பின்ன வராம என்ன பண்ணுவாரு? நீ கூப்பிடறே, அவரு வாராரு."

செவ்வந்தி போசியை மூடினாள். மரியாதை மரியாதை என்று பழகிய வாய் செய்த வேலையா இது? சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

திதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவனை உட்கார வைத்துப் பேசினாள்.

"ஞாயித்துக்கெழமை கொடுமுடியில உங்க ஒறம்பரைச் சனம் பூராவும் இருப்பாங்க. அங்க நெலப்படி கெடையாது, ஆத்தங்கரைதான். உங்கம்மாளக் கூப்பிட்டுச் சொல்லோணும். செவ்வந்தி என்ற பொண்டாட்டின்னு. எனக்குச் சொத்து வேண்டாம், தறி வேண்டாம், உங்கூட்ல ஒரு வாய்த் தண்ணி வேண்டாம். நான் தாலிய அறுத்தவளா அறுக்காதவளான்னு எனக்கே தெரியலீங்க. ஊரறிய அழவும் முடியாம, வேற வழியப் பாக்கவும் முடியாம ஒரு வருசமா நிக்கறேன். உங்க வாயால ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"சொல்லீர்றேன் அம்மணி," என்றான்.

"இது எத்தனாவது சொல்லீர்றேன்?"

"இந்தத் தடவை சத்தியமா."

உயிரோடிருந்தபோது சத்தியம் செய்தால் தலையில் கை வைப்பான். இப்போதும் வைத்தான். கை தலைமேல் பட்டதே தெரியவில்லை. அவன் செருப்பை மாட்டும்போது அவள் நிதானமாகச் சொன்னாள், "போயிட்டு ஞாயித்துக்கெழமை காத்தால ஆறு மணிக்கு வாங்க."

ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவிர வேறு கிழமை தெரியாத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கோழிக்கூண்டுப் பக்கம் நின்றான். இஸ்மத் சொன்னது சரிதான். அவனை வரவைத்துக்கொண்டிருந்தது அவள் வாய்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்தான். சூலூர் வந்ததும் மருதாசலம் சட்டென்று குனிந்து முன் சீட்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டான். யாருக்கும் தெரியாத உடம்பை யாருக்கும் தெரியாமல் ஒளித்துக்கொண்டு, பல்லடம் பக்கம் வந்த பிறகுதான் நிமிர்ந்தான். இப்படி ஒருத்தனுக்காகவா ராத்திரியெல்லாம் தலையணையை நனைத்தோம் என்று செவ்வந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளகோவிலில் இறங்கி வேறு பஸ் மாறினார்கள். அவள் அப்பனும் ஆத்தாளும் கூலிக்குப் போன தோட்டம் ரோட்டிலிருந்து தெரிந்தது. காட்டிச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அவன் அப்போதும் பஸ்ஸில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

கொடுமுடியில் காவேரி கரை தொட்டு ஓடியது. படித்துறையில் முப்பது நாற்பது பேர். ஆறுச்சாமி ஈர வேட்டியோடு அய்யருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தள்ளிக் கீழ்ப்படியில் மாரியாத்தாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பக்கெட். அதில் அந்த வாழையின் பக்கக்கன்று ஒன்று மண்ணோடு நின்றது. மஞ்சள் துணி சுற்றி, நெற்றி என்று நினைத்த இடத்தில் குங்குமம் வைத்திருந்தார்கள். பொண்டாட்டி இல்லாமல் திதி முழுமையாகாது என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள் போலிருக்கிறது.

"போங்க. கூப்பிடுங்க," என்றாள் செவ்வந்தி.

மருதாசலம் இறங்கினான். நாலு படி மேலே அவள் நின்றுகொண்டாள். ஜாக்கெட்டுக்குள் கிடந்த தாலியை வெளியே எடுத்துப் புடவைமேல் போட்டுக்கொண்டாள். முதல் தடவையாக வெயில் பட்டது அதில்.

"அம்மா," என்றான் மருதாசலம்.

மாரியாத்தாள் திரும்பினாள். பதறவில்லை, கண் விரியவில்லை. செத்துப்போன மகனைப் பார்த்தவள் முகமாக அது இல்லை. நேரம் கழித்து வீட்டுக்கு வந்தவனைப் பார்த்த முகமாக இருந்தது.

"வந்துட்டியா கண்ணு," என்றாள். "ஏன் காத்தால வரலை? எப்பவும் போலக் காப்பிய ஆத்தி வெச்சுட்டு, வருவே வருவேன்னு உக்காந்திருந்தேன்."

செவ்வந்தி அதைக் காதால் கேட்டாள். நிலைப்படி தடுக்குது. எங்கியும் இல்ல. இருட்டா இருக்கும். ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வாரத்தில் ஆறு நாள் அம்மா வீட்டுக் காப்பி, ஒரு நாள் இவள் வீட்டுக் காப்பி. உயிரோடிருந்தபோது என்ன கணக்கோ, செத்த பிறகும் அதே கணக்கு.

மாரியாத்தாளின் பார்வை மகனைத் தாண்டி மேல் படிக்கு வந்தது. தாலியைப் பார்த்தது.

"இந்தப் புள்ளையக் கூட்டிட்டா வந்தே? வேண்டாம்னு சொன்னனல்லொ சாமி," என்றாள் மகனிடம்.

மருதாசலம் தண்ணீரைப் பார்த்தான். செவ்வந்தி நாலு படியும் இறங்கி வந்தாள்.

"என்னைத் தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன அம்மணி," என்றாள் மாரியாத்தாள். குரலில் அத்தனை இதம். "அச்சாபீசுல வேலை. வெள்ளகோயில் பக்கம். நீங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்தர் பண்ணுன அன்னைக்குப் பொழுதோடயே வந்து என்ற மடியில தலைய வெச்சுச் சொல்லிப்போட்டான். என்ற பையன் எங்கிட்ட எதையும் ஒளிக்க மாட்டானுங்க."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே. வெளிய எங்கியோ இருந்துட்டுப் போவட்டும், ஊட்டுக்கு மட்டும் வேண்டாம்னேன். சரீங்கம்மான்னான். வாரத்துல ஒரு நாளு போயிட்டு வா, பாவம், அதும் ஒரு பொண்ணுதானேன்னு வெள்ளிக்கெழமையச் சொன்னதே நாந்தான். நானொண்ணும் கொடுமைக்காரி இல்லீங்க." பக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "வாழையுங்கூட உன்ற நல்லதுக்குத்தான் பண்ணுனது. ஒறம்பரை நாலு பேரு நாலு விதமாப் பேசறதுக்கு முன்னால முடிச்சுப்போட்டம்னா உன்ற பேரும் வெளிய வராதல்லொ."

ஊருக்கும் உறவுக்கும் தெரியாமல் தன்னை ஒளித்து வைத்திருக்கிறான் என்று செவ்வந்தி இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். தெரிய வேண்டிய ஒருத்திக்கு முதல் நாளே தெரியும். தெரியாதவள் இவள் ஒருத்திதான். தங்கச்சி கல்யாணம், பிரஷர், தறி எல்லாம் அம்மாவும் மகனும் சேர்ந்து இவளுக்குப் போட்ட திரை. பெரிய வில்லத்தனம் என்று சொல்லவும் முடியவில்லை. வில்லத்தனத்துக்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டுமே. 'சரீங்கம்மா' என்று ஒரு பக்கமும், 'சொல்லீர்றேன் அம்மணி' என்று இன்னொரு பக்கமும் சொல்லிக்கொண்டு இரண்டு இடத்திலும் நல்ல பையனாகக் காப்பி குடித்திருக்கிறான். அவ்வளவுதான் அவன்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள் அவனிடம். "உங்கம்மாளுக்குத் தெரிஞ்சதுதானே. தம்பியக் கூப்பிட்டுச் சொல்லுங்க. அவரு உங்களப் பாக்கட்டும்."

மருதாசலம் ஆறுச்சாமி இருந்த பக்கம் பார்த்தான். அப்புறம் அம்மாவைப் பார்த்தான். அம்மா லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அது போதுமாக இருந்தது அவனுக்கு.

"இங்க வேண்டாம் அம்மணி. எல்லாரும் இருக்காங்க," என்றான். "வெள்ளிக்கெழமை பேசிக்கலாம். வெவரமாச் சொல்றேன். வாரேன்."

அதே இழுவை, அதே இதம். தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன்மேல் கேவலம்தான் வந்தது. அது வந்த பிறகு மற்றதெல்லாம் சுலபமாக இருந்தது.

"போங்க," என்றாள்.

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மீதி வார்த்தைக்காகக் காத்திருந்தான். முப்பத்தாறு வருஷ வாழ்விலும் ஒரு வருஷச் சாவிலும் அந்த ஊரில் யாரும் அவனை அந்த ஒற்றை வார்த்தையோடு நிறுத்தி அனுப்பியதில்லை.

"போயிட்டு வாங்கன்னு சொல்லு அம்மணி," என்றான் மெல்ல.

"போங்க."

செருப்பிலிருந்து ஆரம்பித்தது. முதலில் செருப்பு இல்லை. அப்புறம் கணுக்கால் இருந்த இடத்தில் ஈரப்படி தெரிந்தது. மாரியாத்தாள் பக்கெட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முகத்திலிருந்த இதமெல்லாம் வடிந்து, வெறும் கிழவியாக நின்றாள்.

"என்ன வார்த்தை அம்மணி அது? வாங்கன்னு சொல்லு. போயிட்டு வாங்கன்னு சொல்லு. கண்ணு, நில்லு சாமி, நான் சொல்றேன் வாடா, தெனமும் வாடா," என்று காற்றைப் பிடித்தாள். அவள் சொன்னது எதுவும் பலிக்கவில்லை. இத்தனை நாள் மகனைத் தன் பாசம்தான் கூட்டிவருகிறது என்று நினைத்திருந்தாள் போலும். அவன் இடுப்பு வரை மறைந்துபோயிருந்தான்.

"அம்மா," என்றான் அவன். கடைசியாகவும் அதுதான்.

மாரியாத்தாள் செவ்வந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். படித்துறையே திரும்பிப் பார்க்கிற குரலில் கத்தினாள்.

"மருமகளே, ஒரு வார்த்தை சொல்லு சாமி. நீ என்ற மருமக. என்ற மூத்த மருமக. உன்ற புருசன வரச் சொல்லு."

அய்யர் மந்திரத்தை நிறுத்தினார். எள்ளும் தண்ணீருமாக ஆறுச்சாமியின் கை அந்தரத்தில் நின்றது. பெரியப்பாக்கள், சின்னம்மாக்கள், அவள் கையால் கோத்த கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த அத்தனை பேரும் அவளையும் அவள் புடவைமேல் கிடந்த தாலியையும் பார்த்தார்கள். அவள் கேட்டது இதுதான். ஆறரை வருஷமாகக் கேட்டது இந்த ஒரு சொல்தான். மாரியாத்தாளின் வாயிலிருந்து, ஊரறிய, உறவறிய வந்துவிட்டது.

செவ்வந்தி தன் கையை ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டாள். மருதாசலம் நின்ற இடத்தில் ஆறு தெரிந்தது.

"ஆள் மாத்திச் சொல்றீங்க," என்றாள், மரியாதை குறையாமல். "உங்க மருமக அந்தப் பக்கெட்டுல நிக்கறாங்க."

தாலியைக் கழுத்திலிருந்து கழற்றிக் காவேரியில் விட்டாள். முகத்தைக் கழுவினாள். வெள்ளகோவில் பஸ் எத்தனை மணிக்கு என்று அய்யரிடம் கேட்டாள், பதினொன்றரைக்கு என்றார். யாரிடமும் வாரேன் என்று சொல்லாமல் படியேறிப் போனாள்.